எல்லா விதியையும் எடுத்துவிடச் சொல்லலாமா?

கேள்வி:

ஐயா, ஒரு வணிகத் தொலைக்காட்சியில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். முதலில் விளம்பர விற்பனையில் இருந்தேன். கடந்த ஐந்து வருடமாகக் காம்ப்ளையன்ஸ் பிரிவை, அதாவது விதிப்படி எல்லாம் நடக்கிறதா என்று கவனிக்கும் பிரிவை, பார்த்துக்கொள்கிறேன். ஒளிபரப்பு விதிகளை மாற்றலாமா என்று கேட்டு ஒழுங்குமுறை ஆணையம் ஆலோசனைத் தாள் வெளியிட்டிருக்கிறது. எங்கள் நிர்வாகம் சொல்வது ஒரே வரிதான்: "இணையத்துக்கு இல்லாத விதி நமக்கு மட்டும் எதற்கு? எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லி எழுது." எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. எங்கள் தொழிலைக் கொல்வது விதிகள்தானா? நான் என்ன எழுதட்டும்?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

எழுதச் சொன்ன வரியில் பாதி பொய் என்பது உங்கள் கைக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் ஓடவில்லை.

நான் பல வருடம் மேசைக்கு அந்தப் பக்கம், அதாவது ஆணையத்தின் பக்கம், இருந்தவன். இப்படி வரும் பதில்களைப் படித்துச் சுருக்கி மேலே அனுப்புவதுதான் வேலை. அப்புறம் இந்தப் பக்கம் வந்து, நிறுவனங்களுக்கு அதே பதில்களை எழுதிக் கொடுத்துச் சம்பாதித்தேன். ஒரு பதில் மட்டும் மறக்கவே இல்லை. ஸ்பைரல் பைண்டிங் போட்ட அறுபது பக்கம். மூன்றாம் பக்கத்தில், சந்தையில் அரசு தலையிடவே கூடாது, கட்டுப்பாடுகள் எல்லாவற்றையும் நீக்க வேண்டும் என்று இருந்தது. நாற்பத்தோராம் பக்கத்தில், எந்த டிவியை வாங்கினாலும் எங்கள் சேனல் முதல் வரிசையில் தெரியும்படி சட்டம் போட வேண்டும் என்று இருந்தது. பக்கத்து இருக்கைக்காரர் இரண்டு பக்கத்தின் நுனியையும் மடக்கி, ஒன்றும் சொல்லாமல் என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அந்த அறுபது பக்கத்தை அதற்குமேல் யாரும் படிக்கவில்லை.

உங்கள் நிர்வாகம் எழுதச் சொல்வதும் அந்த மூன்றாம் பக்கம்தான். நாற்பத்தோராம் பக்கமும் எப்படியும் வந்து சேரும், பாருங்கள்.

இந்த விதிகள் எங்கிருந்து வந்தன என்பதை முதலில் உங்கள் முதலாளிக்கு ஞாபகப்படுத்த வேண்டும். பிரிட்டனில் 1955 செப்டம்பர் 22 அன்று வணிகத் தொலைக்காட்சி தொடங்கியது. முதல் விளம்பரம் ஒரு பற்பசைக்கு. ஆனால் அதற்கு முந்தைய வருடமே, 1954-ல், சட்டம் வந்துவிட்டது. விளம்பரம் தனியே தெரிய வேண்டும், விளம்பரதாரர் நிகழ்ச்சிக்குள் கை வைக்கக் கூடாது என்றெல்லாம் அது சொன்னது. கடை திறக்கும் முன்பே கணக்குப்பிள்ளை வந்து உட்கார்ந்துவிட்டார். அதற்காக யாரும் பின்வாங்கவில்லை. ஸ்காட்லாந்துக்கு உரிமம் வாங்கிய ராய் தாம்சன், இது நோட்டு அச்சடிக்கக் கிடைத்த உரிமம் மாதிரி என்று சொன்னது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த கதை. பகுதிக்கு ஒரு நிறுவனம், விளம்பரம் விற்க வேறு ஆள் கிடையாது. அந்த வசதிக்குக் கொடுத்த விலைதான் விதிகள்.

மற்ற நாடுகளிலும் வார்த்தைதான் வேறு, பேரம் ஒன்றுதான். அமெரிக்காவில் ஒளிபரப்பை ஒழுங்குபடுத்தும் எஃப்.சி.சி. ஆணையம் 1934-ல் வந்தது. அலைவரிசை குறைவு, கேட்பவர்கள் அதிகம், கிடைத்தவர்களுக்குக் கடமை உண்டு என்ற வாதத்தை அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 1969-ல் ஏற்றுக்கொண்டது. இந்திய உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில், கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கு ஒன்றில், வான் அலைகள் பொதுச்சொத்து என்றது. பொதுச்சொத்தைக் கொஞ்சம் பேருக்கு மட்டும் கொடுக்கிறோம், பதிலுக்கு இதையெல்லாம் செய் என்பதுதான் பேரம். செய்தி போடு, குழந்தைகளுக்கு நிகழ்ச்சி போடு, விளம்பரத்தை அளவோடு போடு.

இப்போது அந்தப் பேரத்தில் ஒரு பக்கம் சரிந்துவிட்டது. 'கொஞ்சம் பேர்' என்ற வசதி போய்விட்டது. பார்வையாளர்களை அளக்கும் நீல்சன் நிறுவனத்தின் கணக்குப்படி அமெரிக்காவில் 2025 மே மாதம் டிவி பார்த்த நேரத்தில் 44.8 சதவீதம் ஸ்ட்ரீமிங்குக்குப் போனது. ஒளிபரப்பும் கேபிளும் சேர்ந்தே 44.2 சதவீதம்தான். அந்த இரண்டையும் ஸ்ட்ரீமிங் தாண்டியது அதுதான் முதல் தடவை. உங்கள் நிர்வாகத்தின் கோபத்தில் நியாயம் இருப்பது இந்த இடத்தில்தான். சலுகை தேய்ந்துவிட்டது, கடமை அப்படியே நிற்கிறது. இதை எழுதுங்கள். ஆனால் இதை மட்டும் எழுதி நிறுத்தினால், "சரி, அப்படியானால் அலைக்கற்றையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்" என்று எதிர்ப்பக்கம் கேட்கும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அமெரிக்காவில் 2017-ல் முடிந்த ஏலத்தில், அலைவரிசையை விட்டுக் கொடுத்த நிலையங்களுக்குக் கிடைத்தது ஏறக்குறைய 1,000 கோடி டாலர். நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு இன்னும் அந்த மதிப்பு இருக்கிறது, மொபைல்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

அடுத்து விளம்பர நேரம். எல்லா நிறுவனமும் முதலில் கை வைப்பது இதில்தான். மணிக்கு இத்தனை நிமிடம் என்ற வரம்பை எடுத்தால் வருமானம் கூடும் என்பார்கள். விற்பனையில் இருந்தவர் நீங்கள், மனசாட்சியோடு சொல்லுங்கள்: எத்தனை மணி நேரத்தில் உங்களுக்கு இடம் போதாமல் போயிருக்கிறது?

நான் ஒரு முறை ஒரு சேனலுக்கு இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிகழ்ச்சிகளை வெளியே அனுப்பும் எம்.சி.ஆர். அறைக்குப் போய் ஒரு வாரத்து ஆஸ்-ரன் லாக்கை வாங்கினேன். அதாவது, போட நினைத்தது எது என்ற பட்டியல் இல்லை. உண்மையில் எந்த நொடியில் எது வெளியே போனது என்ற பதிவு. ஒரு நாளில் மாலை ஏழு மணியிலிருந்து பத்து மணி வரைதான் வரம்பை முட்டியது. மீதி இருபத்தொரு மணி நேரமும் பிரேக்கை நிரப்பியது அவர்களுடைய சொந்த நிகழ்ச்சிகளுக்கான ப்ரோமோ. பின்னிரவு ஒரு பிரேக்கில் ஒரே ப்ரோமோ நான்கு தடவை, அதுவும் நேற்றே முடிந்துபோன நிகழ்ச்சிக்கு. வரம்பு அவர்களைக் கழுத்தை நெரிக்கவில்லை. சரக்கு விற்கவில்லை, அவ்வளவுதான். அந்த மூன்று மணி நேரத்திலும் வரம்பை எடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? கூடுதல் ஸ்பாட் (விளம்பரத் துண்டு), அதனால் ஒரு ஸ்பாட்டின் விலை இறக்கம், பிரேக் நீளும்போது ரிமோட்டை எடுக்கும் கைகள், அடுத்த வாரம் ரேட்டிங்கில் அடி. எட்டு மணிக்குப் பத்து வினாடிக்கு நீங்கள் கேட்கும் விலை நிற்பதே இடம் குறைவு என்பதால்தான்.

அதற்காக வரம்பு இப்படியேதான் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் முன்பு ஒவ்வொரு மணிக்கும் 20 சதவீதம், அதாவது 12 நிமிடம், என்று வைத்திருந்தது. 2018 திருத்தத்தில் அதைத் தளர்த்தி, காலை 6 முதல் மாலை 6 வரை ஒரு கணக்கு, மாலை 6 முதல் நள்ளிரவு வரை ஒரு கணக்கு என்று ஆக்கியது. அந்த இரண்டு கணக்கிலும் மொத்தம் கூடவில்லை, எங்கே எவ்வளவு வைப்பது என்பது சேனல் கையில் வந்தது. கேட்பதானால் இப்படிக் கேளுங்கள். ஒரு மணிக்கு நாற்பது வினாடி கூடிப்போனதற்கு விளக்கக் கடிதம் எழுதும் வேலையாவது உங்களுக்குக் குறையும்.

ஆனால் நேயரைக் காப்பாற்றும் விதிகளில் கை வைக்காதீர்கள். இதை அறிவுரையாகச் சொல்லவில்லை, வியாபாரமாகச் சொல்கிறேன். 1950-களின் கடைசியில் அமெரிக்க வினாடி வினா நிகழ்ச்சிகளில் விடையை முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தது வெளியே வந்தது. 1960-ல் அதைக் குற்றமாக்கினார்கள். அரை நூற்றாண்டு கழித்து பிரிட்டனில், போட்டியில் ஜெயிக்க முடியாத நேயர்களையும் காசு கட்டி போன் போட வைத்தது அம்பலமானது. அங்குள்ள வணிகத் தொலைக்காட்சியான ஐ.டி.வி.-க்கு 2008-ல் ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்காம் போட்ட அபராதம் 56.75 லட்சம் பவுண்டு. இரண்டு இடத்திலும் தவறு ஒன்றுதான், நம்பி உட்கார்ந்தவரை ஏமாற்றியது. இணையத்தோடு போட்டி போட உங்களிடம் மிச்சமிருக்கும் சரக்கு அந்த நம்பிக்கைதான். விளம்பரதாரர் உங்களிடம் வருவதற்கு ஒரு காரணம், தன் சோப்பு விளம்பரம் கண்டகண்ட வீடியோவுக்கு நடுவில் போய் நிற்காது என்ற தைரியம். அந்தத் தைரியத்தைக் கொடுப்பது நீங்கள் எடுக்கச் சொல்லப்போகும் விதி.

விதி வந்தால் தொழில் படுத்துவிடும் என்ற பேச்சும் புதிதில்லை. அமெரிக்க டிவியில் சிகரெட் விளம்பரம் நிறுத்தப்பட்டது 1971 ஜனவரி 2-ம் தேதி. ஏன் ஜனவரி 1 இல்லை? புத்தாண்டு அன்று பெரிய கால்பந்து ஆட்டங்கள் இருந்தன, அந்தக் கடைசி நாள் வசூலை விட மனசில்லை. இரவு 11.59-க்குக் கடைசி சிகரெட் விளம்பரம் போனது. அதற்கப்புறமும் டிவி பல பத்தாண்டு கொழித்ததை உங்கள் முதலாளியே பார்த்திருப்பார்.

சரி, "இணையத்துக்கு இல்லாத விதி நமக்கு எதற்கு" என்ற கேள்விக்கு வருவோம். கேள்வி நல்ல கேள்வி. அவர் சொல்லும் பதில்தான் அரைகுறை. நேயரைக் காக்கும் விதியை எல்லோருக்கும் போடச் சொல்ல வேண்டும். இப்படிக் கேட்டவர்களுக்கு ஓரளவு கிடைத்தும் இருக்கிறது. விளம்பரம் வந்தால் சத்தம் திடீரென்று எகிறுவதை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 2010-ல் சட்டம் போட்டு, 2012 டிசம்பரிலிருந்து டிவி விளம்பரத்தின் சத்தத்தை நிகழ்ச்சியின் அளவுக்கு இறக்கினார்கள். ஸ்ட்ரீமிங் விளம்பரம் மட்டும் காது கிழியக் கத்திக்கொண்டிருந்தது. 2025-ல் கலிஃபோர்னியா அதற்கும் சேர்த்துச் சட்டம் இயற்றியது. பிரிட்டனில் கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த, உடம்புக்கு ஆகாத உணவு வகைகளின் விளம்பரத்தை 2026 ஜனவரியிலிருந்து டிவியில் இரவு 9 மணிக்கு முன் போடக் கூடாது. இணையத்தில் காசு கொடுத்துப் போடும் விளம்பரமானால் எந்த நேரத்திலும் கூடாது. இணையத்துக்கு டிவியைவிடக் கடுமையான விதி, கவனித்தீர்களா?

இந்தச் சமமின்மை இணையம் வந்து பிறந்ததும் இல்லை. ஸ்வீடனில் 12 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளைக் குறிவைக்கும் டிவி விளம்பரத்துக்குத் தடை. ஆனால் ஒரு சேனல் லண்டனிலிருந்து செயற்கைக்கோள் வழியாக ஸ்வீடனுக்கு ஒளிபரப்பியது, விளம்பரமும் போட்டது. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், இன்னொரு உறுப்பு நாட்டிலிருந்து வரும் ஒளிபரப்பின்மேல் ஸ்வீடன் அந்தத் தடையைத் திணிக்க முடியாது என்று 1997-ல் தீர்ப்பானது. உள்ளூர்ச் சேனல் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தது. இன்றைக்கு நீங்கள் நிற்கும் இடம் அதுதான், வெளியே இருப்பவரின் பெயர் மட்டும் மாறியிருக்கிறது. ஆகவே விதி பார்வையாளர் இருக்கும் இடத்தைப் பார்த்து ஒட்ட வேண்டும், ஒளிபரப்புபவர் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பார்த்து அல்ல என்று எழுதுங்கள். இதை மறுத்துப் பேச அந்தப் பக்கத்தில் ஆள் கிடைப்பது கஷ்டம்.

இனி, விதிகளா கொல்கின்றன என்று கேட்டீர்கள். கொஞ்சம் பங்கு உண்டு, அதிகம் இல்லை. என் கணக்கில் பெரிய அடி வேறு இரண்டு இடத்தில்.

ஒன்று வாசல். முன்பு ரிமோட்டில் எண்ணை அழுத்தினால் உங்கள் சேனல் வரும். இப்போது டிவியைப் போட்டால் முதலில் வருவது டிவி தயாரித்தவரின் முகப்புத் திரை. அதில் எந்தக் கட்டம் முதலில் என்பதைக் காசு தீர்மானிக்கிறது. சில ரிமோட்டுகளில் ஸ்ட்ரீமிங் நிறுவனங்களுக்குத் தனிப் பொத்தானே இருக்கிறது. உங்கள் சேனலைத் தேட ஆறு அழுத்து அழுத்த வேண்டியிருந்தால் யார் தேடுவார்கள்? விளம்பர வரம்பை எவ்வளவு தளர்த்தினாலும் இந்தக் காயம் ஆறாது. ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் 2024-ல் இதற்காகவே சட்டம் வந்தது. இணையம் இணைத்த டிவிகளில் குறிப்பிட்ட ஒளிபரப்பாளர்களின் செயலிகள் எளிதாகக் கண்ணில் பட வேண்டும் என்பது அதன் சாரம். பிரிட்டன் சட்டத்தில் யார் யாருக்கு அந்த இடம் என்று பாருங்கள். பொதுச் சேவைக் கடமையை ஏற்றுக்கொண்டவர்களுக்கு. ஐ.டி.வி. உட்பட. கடமை வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டவருக்கு முதல் வரிசை கிடையாது. நாற்பத்தோராம் பக்கத்தை நியாயமாக எழுத வேண்டுமானால், மூன்றாம் பக்கத்தைக் கிழிக்கத்தான் வேண்டும்.

இன்னொன்று விளையாட்டு. நேரலைக்குக் கூட்டம் சேர்க்கும் சரக்கு அது ஒன்றுதான் பெரிதாக மிஞ்சியிருக்கிறது. அதற்கும் ஆழமான பையோடு ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள் வந்துவிட்டன. ஆஸ்திரேலியாவில் முக்கியமான ஆட்டங்களை இலவச டிவிக்கு ஒதுக்கிவைக்கும் பட்டியல் நெடுநாளாக இருக்கிறது. அதே 2024 சட்டம் அதை இணைய நிறுவனங்களுக்கும் நீட்டியது. உங்கள் சேனல் கட்டணமில்லாச் சேனல் என்றால் இதைக் கேளுங்கள். கட்டணச் சேனல் என்றால் பேசாமல் இருங்கள், அந்தப் பட்டியல் உங்களுக்கு எதிரி.

அளவீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு நாடே என்ன பார்க்கிறது என்பதைச் மாதிரிக்கு எடுத்த கொஞ்சம் வீடுகளில் வைத்த மீட்டரைக் கொண்டுதான் சொல்கிறோம். அதில் சந்தேகம் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவே சாட்சி. ரேட்டிங் மோசடிப் புகார் வெடித்த 2020 அக்டோபரில் நிறுத்தப்பட்ட செய்திச் சேனல் ரேட்டிங் 2022 மார்ச்சில்தான் திரும்பி வந்தது. இணைய நிறுவனங்களோ பெரும்பாலும் தங்கள் எண்ணைத் தாங்களே சொல்கின்றன. எல்லோரையும் ஒரே அளவுகோலில், வெளியாள் ஒருவர் சரிபார்த்து அளக்க வேண்டும் என்ற கோரிக்கைக்கு அரைப் பக்கம் ஒதுக்கலாம்.

அப்புறம், நிஜமாகவே வலிக்கும் ஒன்றை உங்கள் நிர்வாகம் சொல்லவே இல்லை. அது தாமதம். 2004-ல் அமெரிக்காவில் கால்பந்து இறுதி ஆட்டத்தின் இடைவேளையில், நேரலையில், ஒரு பாடகியின் மார்பு தெரிந்தது. ஒரு நொடியில் பதினாறில் ஒன்பது பங்கு நேரம், நீதிமன்றமே எண்ணிச் சொன்னது. அதை ஒளிபரப்பிய சி.பி.எஸ். நிறுவனத்துக்கு 5,50,000 டாலர் அபராதம். மேல்முறையீடு, ரத்து, உச்ச நீதிமன்றம், திருப்பி அனுப்பல், மறுபடி ரத்து என்று 2012 வரை இழுத்தது. அபராதம் நிற்கவில்லை, எட்டு வருடம் போயிற்று. இத்தனைக்கும் அது பெரிய நிறுவனம், வக்கீல் படையே உண்டு. உங்களைப் போன்றவர்களுக்கு, ஒரு நோட்டீஸ் வந்து முடிவு தெரியாமல் கிடப்பதே தண்டனை. அந்த நாட்களில் நிகழ்ச்சி ஆசிரியர்கள் எதையும் தொடப் பயப்படுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நோட்டீஸ் கொடுத்தால் இத்தனை நாளில் முடிவு, முதல் தவறுக்கு எச்சரிக்கை, எது தவறு என்பதற்கு முந்தைய முடிவுகளின் தொகுப்பு பொதுவெளியில். இந்த மூன்றையும் கேளுங்கள். செலவில்லாத கோரிக்கை என்பதால் ஆணையத்துக்கும் கொடுப்பது எளிது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தபோது நான் இப்படிப்பட்டவற்றுக்குத்தான் முதலில் டிக் போட்டேன்.

நிர்வாகத்திடம் எப்படிப் பேசுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கவலை அதுதான் என்று தோன்றுகிறது. கொள்கை பேசாதீர்கள், தோற்றுவிடுவீர்கள். கணக்கைக் கொண்டுபோய் வையுங்கள். விளம்பரம் கொழித்த வாரம் ஒன்று, வறண்ட வாரம் ஒன்று, இரண்டுக்கும் ஆஸ்-ரன் லாக்கை எடுத்து, வரம்பு முட்டிய மணி நேரங்களைச் சிவப்பில், சொந்த ப்ரோமோ நிரப்பிய பிரேக்குகளை நீலத்தில் குறித்துவிடுங்கள். பக்கத்தில் உங்கள் சேனலின் செயலி முகப்புத் திரையில் எத்தனையாவது இடத்தில் வருகிறது என்பதை நான்கைந்து டிவியில் போட்டுப் பார்த்துப் படம் எடுத்து ஒட்டுங்கள். விற்பனைத் தலைவரையும் அந்தக் கூட்டத்துக்கு வரச் சொல்லுங்கள். சிவப்பைவிட நீலம் அதிகம் என்றால் அவர்தான் முதலில் நெளிவார், பேச்சு தானாக வேறு பக்கம் திரும்பும்.

பதிலின் நீளம் பன்னிரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். ஸ்பைரலும் வேண்டாம்.